அஷ்டமியில் போட்ட ஊசி

எங்கள் ஊரில் கலைமகள் சித்தியைப் பற்றி ஒரே வரியில் ஒரு கதை சொல்கிறார்கள்: நாய்க்காகப் புருஷனை விட்டவள். பூதலூர் ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றால்கூட யாராவது என் பக்கம் திரும்பி, “உங்க சித்தியாமே அது?” என்று கேட்டுவிடுகிறார்கள். ஆமாம், என் சித்திதான். ஆனால் அந்த ஒரு வரியில் நடந்தது எதுவும் இல்லை. அதனால் நான் பார்த்ததை வரிசையாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். பிளஸ் டூ முடித்துவிட்டுக் கல்லூரி இடத்துக்காக வீட்டில் காத்துக்கிடந்த மாதங்களில் நான் அதிகம் பார்த்தது அவளைத்தான்.

சித்தி என்றால் அப்பாவின் தம்பி அரவிந்தனுடைய மனைவி. பக்கத்து வீடு. பக்கத்து வீடு என்பதே பேச்சுக்குத்தான். ஒரே வீட்டை நடுவில் சுவர் எழுப்பி இரண்டாக்கிக்கொண்டவர்கள் அப்பாவும் சித்தப்பாவும். அவள் குக்கர் விசிலடித்தால் என் அம்மா தன் அடுப்பை அணைத்துவிட்டு, பிறகு நாக்கைக் கடித்துக்கொள்வாள்.

சித்தி மன்னார்குடிப் பக்கத்துப் பெண். கல்யாணமான புதிதிலேயே சித்தப்பா சிங்கப்பூருக்கு வெல்டிங் வேலைக்குப் போய்விட்டார். அங்கே வருஷக்கணக்கில் இருந்துவிட்டு, பிறகு அயர்லாந்தில் ஒரு பால் பண்ணைக்கு மாறினார். நடுவில் ஊருக்கு வந்துபோன நாட்களை எல்லாம் கூட்டினாலும் ஒரு வருஷம் தேறாது. குழந்தை இல்லை. அதைப் பற்றி ஊர் பேசியதை நான் எழுதப்போவதில்லை.

சித்தப்பா பங்கு நிலத்தைப் பார்த்தது சித்திதான். நாற்று விடுவது, நடவுக்கு ஆள் கூப்பிடுவது, உரத்துக்கு வரிசையில் நிற்பது, நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் குவித்துவிட்டு மழைக்குப் பயந்து அங்கேயே தார்ப்பாய்க்குப் பக்கத்தில் காவல் கிடப்பது, எல்லாம். கல்லணைக் கால்வாயில், எங்கள் பேச்சில் புது ஆற்றில், முறை வைத்துத் தண்ணீர் விடும் காலத்தில் நம் வாய்க்காலுக்கு எந்நேரம் தண்ணீர் வரும் என்று சொல்ல முடியாது. வரும்போது போய் மடையைத் திருப்பாவிட்டால் அடுத்தவர் வயலுக்குப் போய்விடும். டார்ச்சையும் மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டு சித்தி தனியாகப் போவாள். தனியாக என்றால், இரண்டு நாய்களோடு.

ஒன்று வஸ்தாது. ஒரு சம்பா அறுவடைக்கு வெளி மாவட்டத்திலிருந்து மிஷின் கொண்டுவந்த ஆட்களோடு வந்தவன். அவர்கள் வேலை முடிந்து மிஷினை லாரியில் ஏற்றிக்கொண்டு போனபோது இவனை ஏற்றிக்கொள்ளவில்லை. இரண்டு நாள் லாரி போன ரோட்டையே பார்த்துக் குரைத்துக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள் சித்தி வைத்த பழைய சோற்றைத் தின்றுவிட்டு அவள் பின்னாலேயே வந்துவிட்டான். பெரிய தலை, ஒரு காது கிழிசல். மற்றது சிட்டு. மதகுக்கு அடியில் பிறந்து, தண்ணீர் திறந்துவிட்ட அன்று மிதந்துவந்த குட்டிகளில் பிழைத்த ஒன்று. சித்தி அதை முந்தானையில் பிடித்து எடுத்தாள்.

போன வருஷக் கடைசியில் சித்தப்பாவுக்குப் பண்ணையிலேயே ஒரு வீடு கிடைத்தது. மனைவியைக் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்றார்கள். சித்தி கேட்ட முதல் கேள்வி, “இதுங்க?” என்பதுதான். சித்தப்பா கோபப்படவில்லை, சிரித்தார். “கொண்டா. இங்க மாடே இருக்கு, நாய் இருந்தா என்ன? ஓனர்கிட்ட நான் பேசிக்குறேன்” என்றார். அதை இங்கே எழுதியாக வேண்டும். ஏனென்றால் பின்னால் அவரைக் கல்நெஞ்சக்காரர் என்றும் பேசினார்கள்.

நாயை வெளிநாட்டுக்கு அனுப்ப ஏஜென்ட் இருக்கிறார்கள் என்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரியும். சென்னையில் ரகுராமன் என்று ஒருவர். அவர் போனில் சொன்னதன் சுருக்கம் இது: நாயின் தோலுக்கு அடியில் அடையாளச் சிப் வைக்க வேண்டும். வெறிநாய்த் தடுப்பூசி போட வேண்டும். ஒரு மாதம் கழித்து ரத்தம் எடுத்து, ஊசி வேலை செய்கிறதா என்று வெளிநாட்டு லேபில் பார்க்க வேண்டும். ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். பிறகு விமானம்.

சித்திரை மாதத்தில் ஒரு நாள் லோடு ஆட்டோ வைத்துத் தஞ்சாவூருக்குப் போனோம். சிட்டு என் மடியில், வஸ்தாது சித்தியின் காலடியில். அங்கே மிருக ஆஸ்பத்திரி நடத்தும் டாக்டர் ப்ரியம்வதா சிப், ஊசி இரண்டையும் அன்றைக்கே முடித்துவிடலாம் என்று எடுத்து வைத்திருந்தார்.

“சிப்பு எங்க டாக்டர் வெப்பீங்க?” என்று சித்தி கேட்டாள்.

“கழுத்துக்குப் பின்னால, தோலுக்கு அடியில. அரிசி மணி அளவுதாம்மா. ஆயுசுக்கும் அங்கேயே இருக்கும்.”

“ஆயுசுக்குமா?” சித்தி போனை எடுத்துக் காலண்டரைப் பார்த்தாள். “இன்னைக்கு அஷ்டமிங்க டாக்டர். ஊசி வருஷா வருஷம் போடுறதுதான், அது பரவால்ல, போட்டுடுங்க. இது புதுசு. உள்ள போய் ஆயுசுக்கும் கெடக்கப் போறது. நாளைக்கு நவமி. தசமியன்னைக்கு வந்து வெச்சுக்குறேனே.”

டாக்டர் சிரித்துவிட்டார். “நாய்க்குமா நாள் பாப்பீங்க?”

“கடல் தாண்டிப் போகுதுங்களே டாக்டர். ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிடக் கூடாதுல்ல.”

எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் இதில் தப்பு சொல்லமாட்டார்கள். விதை விடுவதானாலும் போர்வெல் போடுவதானாலும் அஷ்டமி நவமியைத் தள்ளித்தான் செய்வோம். அப்பா பணம் கட்டிய பைக்கை இரண்டு நாள் ஷோரூமிலேயே நிறுத்திவைத்து தசமியில் எடுத்துவந்தவர். அன்று ஊசி மட்டும் போட்டுக்கொண்டு திரும்பினோம். தசமியன்று மறுபடியும் ஆட்டோ பிடித்துப் போய் சிப் வைத்துக்கொண்டு வந்தோம். வரும் வழியில் சித்தி ஆட்டோக்காரருக்கும் எனக்கும் பால்கோவா வாங்கிக் கொடுத்தாள்.

ஒரு மாதம் கழித்து ரத்தம் எடுத்தார்கள். ரிசல்ட் நன்றாக வந்தது. சித்தியின் விசாவும் வந்தது. செப்டம்பர் முடிவதற்குள் அங்கே போய் இறங்கிவிட வேண்டும். ஆகஸ்டுக் கடைசியில் நாய்களோடு கிளம்புவது என்று முடிவானது.

அந்த மூன்று மாதம் அவள் நாய்களை அவிழ்த்துவிடவே இல்லை. வண்டியில் அடிபட்டால்? வேறு நாய் கடித்துவைத்தால்? வரப்பில் ஓடித் திரிந்தவை இரண்டும் கொல்லைத் தூணில் சங்கிலியோடு கிடந்தன. வஸ்தாது தூணைச் சுற்றிச் சுற்றி வந்து மண்ணில் வட்டமாக ஒரு பள்ளமே போட்டுவிட்டான். சென்னையிலிருந்து இரண்டு கூண்டுகள் வந்தன. விமானத்தில் அதில்தான் போக வேண்டும், இப்போதிருந்தே பழக்குங்கள் என்றார் ஏஜென்ட். சிட்டு நுழைந்துவிட்டது. வஸ்தாது கூண்டைப் பார்த்தாலே முதுகு மயிர் நிமிர்ந்தது. கடைசியில் சித்தி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, தானே மண்டியிட்டு, தலையும் இடுப்பும் உள்ளே போக நுழைந்து, “வாடா, வாடா ராஜா, ஒண்ணும் பண்ணாது” என்று கூப்பிட்டாள்.

நடவுக்கு ஆள் கூட்டிவரும் தங்கம்மாள் வேலியோரம் போய்க்கொண்டிருந்தவள் நின்றுவிட்டாள். “என்னடி கலை, டிக்கெட்ட மிச்சம் பண்றியா? நீயும் இதுலயே போயிடுவ போலருக்கே!”

கூண்டுக்குள்ளிருந்து சித்தியின் குரல் வந்தது: “எடம் இருக்கு, நீயும் வா.”

“நான் வந்துட்டா இங்க யாரு நடுறது? ஒன் மச்சாண்டாரா?”

சித்திக்குச் சிரிப்பில் வெளியே வரவே முடியவில்லை. அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டது அதோடு சரி.

கிளம்புகிறவள் என்று எல்லாவற்றையும் பைசல் செய்துவிட்டாள். நிலத்தை ஷேக் பரீத் பாய்க்குக் குத்தகைக்கு விட்டாகிவிட்டது. வீட்டின் அவர்கள் பாதியை அப்பா பெயருக்கே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். தை மாதம் என் அண்ணனுக்குக் கல்யாணம். ஆவணி பிறந்ததும் கொத்தனார் வந்து நடுச்சுவரை இடிக்க ஆரம்பித்தார். கிளம்பும்வரை இருந்துகொள்ள சித்திக்கு ஓர் அறை. பீரோ, கட்டில், மிக்ஸி எல்லாம் கொடுத்தாகிவிட்டது. மிச்சம் இரண்டு பெட்டி, ஒரு அடுப்பு, இரண்டு நாய்.

அந்த வாரம்தான் ரகுராமன் எல்லாப் பேப்பரையும் ஒன்றாகக் கேட்டார். அனுப்பினோம். சாயங்காலம் போன் வந்தது. சித்தி ஸ்பீக்கரில் போட்டாள்.

“மேடம், சிப்பு வெச்ச தேதி ஊசிக்கு அப்புறம் இருக்கே?”

“ஆமா சார். ரெண்டு நாள் கழிச்சு வெச்சோம்.”

அந்தப் பக்கம் காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது.

“சிப்பு முதல்ல இருக்கணும் மேடம். ஊசி போட்டது இந்த நாய்க்குத்தான்னு சிப்பு நம்பர வெச்சுத்தான் ஒத்துப்பாங்க. சிப்பு இல்லாதப்ப போட்ட ஊசி அவங்க கணக்குல போடாத ஊசி.”

“ரத்தத்துல நல்லா இருக்குன்னு ரிசல்ட்டு வந்துச்சே சார்?”

“இருக்கு. ஆனா செல்லாது. இப்ப மறுபடி ஊசி போடணும். ஒரு மாசம் கழிச்சு ரத்தம். அதுலேர்ந்து மூணு மாசம்.”

“இத நீங்க அப்பவே சொல்லலையே சார்.”

“ரெண்டையும் ஒரே நாள்ல வெப்பீங்கன்னு நெனச்சேன் மேடம். எல்லாரும் அப்படித்தான் பண்ணுவாங்க.”

சித்தி போனை வைத்தாள். கழுவிக் கவிழ்த்திருந்த பாத்திரங்களை எடுத்து மறுபடியும் கழுவினாள். எத்தனையோ வருஷம் எத்தனையோ காரியத்துக்கு நாள் பார்த்தவள். ஒன்றும் கெட்டுவிடக் கூடாது என்று பார்த்த நாளே கெடுத்துவிட்டது என்பதை அவளால் யாரிடமும் சொல்ல முடியவில்லை. டாக்டரைத் திட்ட முடியாது, அவர் அன்றைக்கே வைக்கிறேன் என்றவர். சித்தப்பாவிடம், “தேதி மாறிப்போச்சாம்” என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் ரகுராமனே ஒரு வழி சொன்னார். இரண்டு நாள்தானே, சிப் தேதியை முன்னால் தள்ளிப் போட்டு டாக்டரிடம் வேறு சர்ட்டிபிகேட் வாங்கிவிடுங்கள் என்றார். நாங்கள் ஆட்டோ பிடித்தோம். ஆஸ்பத்திரியில் சித்தி அந்த வேண்டுகோளைச் சொல்லவில்லை, வேறொன்று கேட்டாள்.

“டாக்டர், தேதிய மாத்தி எழுதி, அங்க கண்டுபிடிச்சுட்டாங்கன்னா நாய என்ன பண்ணுவாங்க?”

“திருப்பி அனுப்புவாங்க. இல்லன்னா மாசக்கணக்குல அடைச்சு வெப்பாங்க. ரெண்டும் முடியலன்னா...” டாக்டர் மேஜை மேலிருந்த சிட்டுவைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

“அப்ப வேண்டாம். ஊசியப் போடுங்க.”

அன்று என்ன திதி என்று அவள் பார்க்கவில்லை.

இனி அவளுக்கு இரண்டே வழி. நாய்களை விட்டுவிட்டு செப்டம்பருக்குள் போவது, அல்லது விசாவை விட்டுவிட்டு நாய்களோடு இருப்பது. முன்னால் போய்விட்டுப் பின்னால் வந்து கூட்டிப்போகலாமே என்று எல்லோரும் கேட்டார்கள். நானும் கேட்டேன். அதுவரை அவை எங்கே இருக்கும் என்பதுதான் கேள்வி.

அப்பா கொத்தனாரை அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். “ஏம்மா கலை, நான் பாத்துக்க மாட்டனா?”

“நீங்க பாத்துக்குவீங்க மாமா. வஸ்தாது உங்கள உள்ள விடணுமே.”

அது உண்மை. சித்தி ஒரு வாரம் மன்னார்குடிக்குப் போயிருந்தபோது அவன் சோறு வைக்கப்போன அப்பாவின் வேட்டியைக் கிழித்திருக்கிறான். சிட்டு அந்த வாரம் முழுக்கத் தண்ணீரைத் தவிர எதையும் தொடவில்லை.

“அதத்தான் நானும் சொல்றேன்” என்றார் அப்பா. “கல்யாண வீடு. சம்பந்தி வீட்டுக்காரங்க வருவாங்க, போவாங்க. யாரையாச்சும் கடிச்சு வெச்சா என்ன பண்றது? சிட்டு கெடக்கட்டும். இவன வண்டியில ஏத்தி செங்கிப்பட்டிப் பக்கம் விட்டா எங்கயாவது பொழச்சுக்குவான்.”

“ஏற்கெனவே ஒருத்தன் அப்படித்தான் விட்டுட்டுப் போனான் மாமா.”

“நாயிம்மா அது. நாயி.”

“நாயிதான். மட திருப்ப இந்த ஊர்ல எந்த மனுசன் மாமா என்கூட வந்தான்? நீங்க வந்தீங்களா?”

அப்பா எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அம்மா என்னைப் பார்த்து, “அவ கேட்டதுல என்ன தப்பு?” என்றாள், அவர் காதில் விழாத அளவுக்கு.

ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வீடியோ காலில் கூப்பிட்டார். நடுச்சுவர் இல்லாததால், அதற்குப் பதில் தொங்கிய தார்ப்பாய்க்கு இந்தப் பக்கம் எல்லாம் கேட்டது. சித்திக்குத் தனியாகப் பேச ஒரு மூலைகூட மிச்சமில்லை.

“ஓனர்கிட்ட கெஞ்சி வீடு வாங்கி வெச்சிருக்கேன் கலை. அதுங்களுக்காக வேலி அடிச்சிருக்கேன், லீவு நாள்ல, மழையில நின்னு. இப்ப நீ வரலன்னா அடுத்த தடவ விசா குடுப்பான்னு யாரு சொன்னா?”

“யாரும் சொல்லலீங்க.”

“நான் இங்க வேல முடிச்சு வந்து யார்கிட்ட பேசுறேன்னு நெனக்கிற? சுவத்துகிட்ட பேசுறேன். தெரியுமா உனக்கு?”

“தெரியுங்க. நான் இதுங்ககிட்ட பேசுறேன்.”

“அப்ப நாய்க்காக என்னைய விடுறியா?” என்று கேட்டார்.

“உங்கள விடலீங்க. இந்த விசாவ விடுறேன்.”

“ரெண்டும் ஒண்ணுதான்.”

போன் துண்டிக்கப்பட்டது. தார்ப்பாய்க்கு இந்தப் பக்கம் அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அந்த உரையாடல்தான் எப்படியோ கசிந்து, பாதி உதிர்ந்து, ஊரில் ஒரு வரியாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

அதற்குப் பிறகு சித்தப்பா கூப்பிடவில்லை. சித்தி கூப்பிட்டால் மணி முழுக்க அடித்து ஓய்ந்தது. காலையில் இரண்டு சங்கிலியையும் கையில் பிடித்துக்கொண்டு வயல் பக்கம் போவாள், பழக்கம். ஒரு நாள் வரப்பில் நின்றவள் குனிந்து பயிருக்குள்ளிருந்து கோரையைப் பிடுங்கினாள். இரண்டு பிடி பிடுங்கிய பிறகுதான் அது இப்போது தன் வயல் இல்லை என்று நினைவு வந்து, கையில் கோரையோடு அப்படியே நின்றாள். மறு வரப்பிலிருந்து பரீத் பாய் சத்தம் போட்டார்: “எடுங்க தங்கச்சி, எடுங்க! நான் கோவிச்சுக்க மாட்டேன்.” அவளும் சிரித்துக் கையாட்டினாள். திரும்பும்போது என்னிடம், “இனிமே இந்தப் பக்கம் வேண்டாம்டி” என்றாள். அதற்குப் பிறகு கொல்லைக்கும் அறைக்கும் நடுவில்தான் அவள் நடமாட்டம்.

எனக்கு இந்த ஊரை விட்டு எப்போது போவோம் என்றிருந்த நாட்கள் அவை. கும்பகோணத்தில் இடம் கிடைத்தாலும் போதும் என்று இருந்தேன். இவள் கையில் அயர்லாந்து விசாவை வைத்துக்கொண்டு தூணில் சங்கிலி மாட்டிக்கொண்டிருக்கிறாள். தாங்க முடியாமல் கேட்டுவிட்டேன். “நானா இருந்தா போயிடுவேன் சித்தி. அழுதுகிட்டேயாவது போயிடுவேன்.”

“போவ. போகணும்” என்றாள். வஸ்தாதின் கழுத்தில் சங்கிலி உராய்ந்து புண்ணான இடத்தில் மஞ்சள் தடவிக்கொண்டிருந்தாள். “நான் போனா இவன் மறுபடி ரோட்டப் பாத்துக் கொலைப்பான்டி. அது எனக்கு அங்க கேக்கும்.”

அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். செய்தது சரியா, சித்தப்பா மறுபடி பேசுவாரா, இந்த அறை எத்தனை நாளைக்கு, எதுவும் அவளுக்குத் தெரியவில்லை. அப்பா அந்த அறையை மட்டும் தை வரைக்கும் இடிக்க வேண்டாம் என்று கொத்தனாரிடம் சொன்னார். அவளிடம் சொல்லவில்லை.

ரத்தம் எடுக்கும் நாள் வந்தபோது விசா முடிய இன்னும் ஒரு வாரம் இருந்தது. அதாவது அன்றைக்குக்கூட அவள் மனம் மாறியிருந்தால் பெட்டியை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். மறுபடியும் ஆட்டோவில் தஞ்சாவூர் போனோம். ஆஸ்பத்திரியில் சிட்டுவுக்குச் சுலபமாக முடிந்தது. வஸ்தாதை மேஜை மேல் ஏற்றவே மூன்று பேர் வேண்டியிருந்தது. வாயைத் துணியால் கட்டி, தலையைச் சித்தி இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் முன்னங்காலில் நரம்பைத் தேடிக்கொண்டிருந்தபோது சித்தியின் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தேன். சித்தப்பா. அவளால் கையை எடுக்க முடியாது. நான் ஸ்பீக்கரில் போட்டு அவள் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தேன்.

“எங்க இருக்க?”

“ஆஸ்பத்திரில. ரத்தம் எடுக்குறாங்க.”

அவருக்குப் பின்னால் ஏதோ மிஷின் ஓடும் சத்தம் கேட்டது. மாடு ஒன்று கத்தியது. வஸ்தாது காதைத் தூக்கினான்.

“ரெண்டுக்குமா?”

“சிட்டுக்கு ஆயிடுச்சு. இவன் நரம்பக் காட்ட மாட்டேங்குறான்.”

“வாயக் கட்டினீங்களா?”

“கட்டியிருக்கு.”

“தலையக் கக்கத்துல வெச்சு அழுத்திக்க. இங்க கன்னுக்குட்டிக்கு அப்படித்தான் எடுப்போம். மூச்சு மட்டும் விடுற மாதிரி.”

சித்தி தலையைக் கக்கத்துக்கு மாற்றிக்கொண்டாள். டாக்டர் ஊசியை ஏற்றினார். குழாயில் ரத்தம் மெதுவாக வந்தது. சித்தப்பா போனை வைக்கவில்லை. வருகிறாயா என்றும் கேட்கவில்லை. குழாய் நிறையும்வரை போனை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கை கடுத்தது, அசைக்கவில்லை.

“முடிஞ்சுதும்மா” என்றார் டாக்டர்.

அது அவருக்கும் கேட்டிருக்க வேண்டும். “இன்னும் மூணு மாசமா?” என்று கேட்டார்.

“இன்னைலேர்ந்து” என்றாள் சித்தி.